மாலை வகுப்பும் நம் பிள்ளைகளும்

(பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் ஆற்றிய உரை)

 

"பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பலாமா, கூடாதா?" என்பது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். எங்களில் ஒருவர் கணக்கு, மற்றவர் அறிவியல். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்து ஒரே குரலில் பேசிப் பழகாதவர்கள் நாங்கள். ஆயினும் இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஆகவே இதில் உள்ள பிழைகளுக்கும் இருவருமே பொறுப்பு.

கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் அப்படிச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஏனெனில் நாங்கள் டியூஷன் நடத்தியவர்கள். கூலி வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில், பல வருடங்கள் நடத்தியவர்கள். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பிளஸ் டூ முதல் அணி 1980இல் தேர்வெழுதியது. கல்லூரியில் இருந்த பாடங்கள் பள்ளிக்கு இறங்கி வந்தன. பெற்றோர் மிரண்டார்கள். உண்மையைச் சொன்னால் ஆசிரியர்களாகிய நாங்களும் மிரண்டோம். வகையீடு, தொகையீடு என்று கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியவர்கள் எங்களில் உண்டு. அந்த மிரட்சியில்தான் நம் ஊர்ப்பக்கம் டியூஷன் வேர்விட்டது என்பது எங்கள் கணிப்பு. அதற்கு முன் டியூஷன் என்றால் படிப்பு வராத பிள்ளைக்கு என்று பொருள். டியூஷனுக்குப் போவதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். அதன்பின் நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் முதலில் போனான். 1984இல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு வந்ததும், போகாதவன் கூச்சப்படும் நிலை வந்துவிட்டது.

எங்கள் திண்ணையிலும் கூட்டம் சேர்ந்தது. காலை ஆறு மணிக்கு ஓர் அணி, மாலை ஐந்தரைக்கு ஓர் அணி. உதவிபெறும் பள்ளியின் சம்பளம் அந்நாளில் கைக்கும் வாய்க்குமாக இருந்தது. திண்ணையில் வந்த பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அதை மறைக்கவில்லை.

1986ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த மறுநாள், ஒரு தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தச்சு வேலை செய்பவர். ஞாயிறு பூசையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளிடுகிறவர். திண்ணையில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "சார், டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்படாது. எம் பொண்ணு உங்ககிட்ட டியூஷன் படிக்கலேன்னுதான் மார்க்கு கொறைஞ்சுதா?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு சாப்பிட்டபின், கேள்வித்தாளையும் எங்கள் டியூஷன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கேள்வித்தாளில் இருந்த பெரிய கணக்குகளில் ஐந்து, அதற்கு முந்தின வாரம் திண்ணையில் போட்டவை. எண்களைக்கூட மாற்றவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்து சொல்ல முடியும். கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தபோது கைக்கு முதலில் வந்த கணக்குகள் அவை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் வகுப்பில் எங்களை நம்பி உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு வகுப்பில் அந்தக் கணக்கை நிதானமாகச் சொல்ல எங்களுக்கு நேரமில்லை, திண்ணையில் நேரமிருந்தது. வஞ்சனை நினைக்காமலேயே வஞ்சனை செய்துவிட முடியும் என்பதை அன்றுதான் கண்டோம்.

அடுத்த திங்கள் முதல் எங்கள் வகுப்புப் பிள்ளைகளை டியூஷனுக்குச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். திண்ணை பாதி காலியாயிற்று. ஓடு மாற்றிய கடன் மட்டும் பாதியாகவில்லை. பிற்காலத்தில், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 28ஆம் பிரிவில், ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தக்கூடாது என்று எழுதி வைத்ததைப் படித்தபோது, அந்தத் தச்சர்தான் எங்கள் நினைவுக்கு வந்தார். சட்டம் வருவதற்கு இருபத்து மூன்று வருடம் முன்பே அவர் வந்து கேட்டுவிட்டார்.

நிற்க. எங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க நீங்கள் இங்கே வரவில்லை. பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம்.

ஓய்வுபெற்ற பின் 2011 முதல் இந்த மண்டபத்தின் பின்கட்டில், கட்டணமின்றி மாலை வகுப்பு நடத்திவருகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே அதிகம் வருவார்கள். வருகிற பிள்ளைக்கு முதல் நாள் நாங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு கணக்குக் கொடுப்போம்: அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? நம்பினால் நம்புங்கள், பத்துப் பேரில் நான்கைந்து பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிடுகிறார்கள். "ஏம்மா, பாதி தோசை ஏற்கெனவே தட்டில் இருக்கிறது. அம்மா இன்னொரு துண்டு வைக்கிறாள். தட்டில் இருப்பது பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் விழிப்பார்கள். ஐந்தில் இரண்டு என்பது பாதியைவிடக் குறைவு என்பது அப்போதுதான் உறைக்கும். பிறகு தோசையை ஆறு துண்டாக வெட்டினால், மூன்று துண்டும் இரண்டு துண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டில் டியூஷன் வைத்து என்ன பயன்? அவனுடைய நோய் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது, நாம் மருந்தைப் பத்தாம் வகுப்பில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காசு வாங்கும் டியூஷன்களில் பெரும்பாலானவை இந்தப் பழைய காயத்தைத் தொடுவதில்லை. தொட்டால் அடுத்த மாதத் தேர்வில் மதிப்பெண் உடனே ஏறாது, பெற்றோர் வேறிடத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஆசிரியரையும் குறைசொல்லிப் பயனில்லை. அவசரப்படுகிறவர்கள் நாம்தான்.

அறிவியலிலும் இதே கதைதான். ஒரு மாணவி ஓம் விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடையும் கொண்டுவந்தாள். ஒரு டார்ச் செல், ஒரு சிறு பல்பு, ஒரு முழம் கம்பி மூன்றையும் கையில் கொடுத்து, "விளக்கை எரிய வை" என்றோம். கம்பியின் ஒரு முனையைச் செல்லின் தலையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். போன மின்சாரம் திரும்பி வருவதற்கும் ஒரு வழி வேண்டும் என்பது அவள் படித்த விடையில் இல்லை. பல்பின் பக்கவாட்டு உலோகத்தைச் செல்லின் அடியில் வைத்தபோது விளக்கு எரிந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அந்த வாரமே தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் அவளுக்குப் புரிந்துவிட்டன. செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மதிப்பெண்ணுக்காகப் படிப்பதே பாவம் என்று நாங்கள் பிரசங்கம் செய்வதாக நினைக்க வேண்டாம். ஜனவரி மாதத்தில் ஒரு பையன் வந்து, "டீச்சர், நான் பாஸாகணும்" என்று நின்றால், அவனிடம் தோசையை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினா 14. வடிவியல் வரைதல் எட்டு, வரைபடம் எட்டு. ஆக முப்பது. அளவுகோலும் கவராயமும் பிடிக்கப் பழக்கி, புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை நன்றாகப் பார்த்துக்கொண்டு, இரண்டு மதிப்பெண் கணக்கில் மூன்றோ நான்கோ தெரிந்துகொண்டால் அவன் கரை சேர்ந்துவிடுவான். இது முதலுதவி. செய்யத்தான் வேண்டும். முதலுதவியையே வைத்தியமாக ஆண்டு முழுவதும் செய்யக்கூடாது என்பதுதான் எங்கள் வாதம்.

சரி, பெரிய படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகள்? இங்கேதான் நம் பங்கில் பல குடும்பங்கள் காயப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

பழைய நுழைவுத் தேர்வைத் தமிழக அரசு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்குப் பத்தாண்டுக் காலம் ஓரளவு மூச்சுவிட இடம் கிடைத்தது. அப்போது நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பேர்பெற்றன. நம் ஊரிலிருந்தும் பிள்ளைகளை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பினோம். பல இடங்களில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு வருடம் உருப்போடவைத்தார்கள். மதிப்பெண் குவிந்தது. 2017இல் நீட் வந்தபோது, பதினோராம் வகுப்பு இயற்பியலைத் தொடாத பிள்ளைகள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனார்கள். இதைத் தடுக்கவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியது பிள்ளைகளுக்கு ஆறுதல்தான். ஆனால் பழைய வழக்கம் திரும்பிவிடாமல் இருக்க, உங்கள் பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறான் என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள். படித்துப் பார்க்க வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும்.

நீட் தேர்வில் 180 வினா, 720 மதிப்பெண். அதில் உயிரியல் 90 வினா, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று குறையும். நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இயற்பியலில்தான். காரணம் கணக்கு. கணக்கில் அந்தப் பழைய பின்னம். மறுபடியும் தோசைக்கே வந்து நிற்கிறோம், பாருங்கள்.

2020ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நம்முடைய உதவிபெறும் பள்ளிகளை அதில் சேர்க்கவில்லை. அதே தெருவில், அதே வறுமையில் இருக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆயினும் ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கி அரசுப் பள்ளியில் சேர்த்தால் கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலைந்த பெற்றோர் இருக்கிறார்கள். கிடைக்காது. விசாரித்துவிட்டு அலையுங்கள்.

இன்னொரு குற்றத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏழெட்டு வருடங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், மகளை நகரத்துப் பயிற்சி மையத்தில் ஒரு வருடம் சேர்க்கப் போவதாகச் சொல்லி எங்களிடம் யோசனை கேட்டார். அந்தப் பெண்ணை எங்களுக்குத் தெரியும். நல்ல புத்திசாலி, கைவேலையில் கெட்டிக்காரி. இயற்பியல் அவளுக்கு ஒட்டவில்லை. மருத்துவம் அவள் ஆசையா, அப்பாவின் ஆசையா என்பதும் எங்களுக்குத் தெரியும். "வேண்டாமுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக மனம் நோகச் சொல்வானேன் என்று, "கடவுள் சித்தம், போட்டுப் பாருங்கள்" என்றோம். தாயின் நகை அடகுக்குப் போனது. ஒரு வருடம் இரண்டு வருடமாயிற்று. அந்தப் பெண் இப்போது மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள், வேலையில் நல்ல பெயர். அதே படிப்பில் அவள் இரண்டு வருடம் முன்பே சேர்ந்திருக்கலாம். நகை மீளவில்லை. இனிமேல் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டியூஷன் நம் ஊர் நோய் மட்டுமன்று. 2022இல் நாடு முழுவதும் கிராமங்களில் எடுத்த ஏசர் ஆய்வில், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு முப்பது பேர் காசு கொடுத்து டியூஷன் போவதாகத் தெரிந்தது. நான்கு வருடம் முன்பு அது 26 ஆக இருந்தது. பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் பத்தில் ஏழு பேர் போகிறார்கள். அங்கெல்லாம் பள்ளிக்கூடம் காலையில், படிப்பு மாலையில் என்று ஆகிவிட்டதோ என்னவோ!

நல்ல டியூஷன் என்று ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் ஆய்லர் என்றொரு பையன் இருந்தான். 1707இல் பிறந்தவன், பிற்காலத்தில் உலகம் போற்றும் கணித மேதையானவன். அவ்வூரில் யோகான் பெர்னூலி என்ற பெரும் பேராசிரியர். தனிப்பாடம் சொல்ல எனக்கு நேரமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் கடினமான நூல்களைக் காட்டி, "நீயே படி, புரியாத இடங்களை மட்டும் சனிக்கிழமை மாலை கொண்டுவா" என்றார். பையன் வாரம் முழுவதும் முட்டி மோதிப் படித்தான். சனிக்கிழமை கொண்டுபோகும் சந்தேகம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு அவனுக்குப் பெருமை. எங்களுக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல டியூஷன் உலகத்தில் நடந்ததில்லை. வாரத்தில் ஒரு மாலைதான்!

நம் ராமானுஜனும் டியூஷன் வாத்தியார்தான். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும்முன், மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலந்தள்ளினார். பி.ஏ. மாணவர் ஒருவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். பாடத்தை விட்டுவிட்டு முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். ஆகவே பெரிய அறிவாளியிடம் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறான் என்று குனிந்து பார்க்கிறவரா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

இப்போது இந்த மண்டபம் பற்றி ஒரு வார்த்தை. மாலை வேளையில் இதை வெளியூர்ப் பயிற்சி நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டால் கோவிலுக்கு வருமானம், நம் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை என்று ஒரு யோசனை விழாக் குழுவில் வந்திருக்கிறது. தவறான எண்ணத்தில் வந்ததல்ல. கூரை ஒழுகுவதும் எங்களுக்குத் தெரியும், வாளி வைத்து ஏந்துகிறவர்கள் நாங்கள்தானே. ஆனால் அந்த நிறுவனத்தார் ஒரு சோதனைத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களையே சேர்ப்போம் என்கிறார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டத் தெரியாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் வேறு திண்ணை இல்லை. வாடகை வேண்டுமானால் சனி, ஞாயிறு காலை அல்லாத வேறு நேரத்தைப் பேசுங்கள் என்று குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு காலையை ஏன் விலக்கச் சொல்கிறோம் என்பது ஞானோபதேச வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்க்கும் சகோதரிகளுக்குத் தெரியும்.

எங்களுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஒருவருக்கு முழங்கால், மற்றவருக்குக் கண். பங்கில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பெண்களும் பையன்களும் இருக்கிறீர்கள். 2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, நம் பங்கிலிருந்து சில பெண்கள் தன்னார்வலராகப் போய்ச் சின்னப் பிள்ளைகளை வைத்து மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் அருமையாக நடத்தியதைக் கண்டோம். கணக்கு உங்களுக்கு முழுதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பிள்ளையோடு உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தால் போதும். வாரத்தில் இரண்டு மாலை கொடுக்க முடிந்தவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள்.

புது வகுப்பு வருகிற திங்கள் மாலை ஆறு மணிக்கு, கோவில் மணி அடித்து முடிந்ததும் தொடங்கும். கைடு, நோட்ஸ் எதுவும் கொண்டுவர வேண்டாம். போன வருடத்துக் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல் அப்படியே எடுத்து வாருங்கள். சிவப்பு மை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.